ஆட்டமும் கலையும்

மனிதன் உழைப்பினால் உயிர் வாழ்கின்றான். விளையாட்டினால் உளந் தளிர்க்கின்றான். தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினை எண்ணுமிடத்து, விளையாட்டினையும் அவற்றுள் ஒன்றாக வைத்தமை இவ்வுண்மையை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும். மேலும், 'ஆட்டம்' என்னும் நம் சொல் பந்தாட்டத்தையும் குறிக்கும். கூத்தினையும் நடனத்தினையும் குறிக்கும். விளையாட்டுக்கும் கலைக்கும் ஒரு சொல்லையே வழங்கிய மொழி நமது மொழி. இருந்தும், இன்று நம் மாணவர் கைகளிலே ஓயாது இயங்கும் வீடியோ விளையாட்டினைப் பற்றிப் பேச்செழும்போது, அதனைக் கலையென்று கூறத் துணிவோர் நம்முள் மிகச் சிலரே.

இவ்விளையாட்டுக்களைக் குறித்து இரண்டு கூற்றுக்கள் வழங்குகின்றன. பெற்றோரும் ஆசிரியருமாகிய பெரியோர், "இது காலத்தைக் கொல்லும் பொழுதுபோக்கு, கண்ணுக்கும் கல்விக்கும் கேடு" என்பர். இளைஞரோ, "இதன் காட்சிகளைப் பாருங்கள், சினிமாவும் தோற்றுவிடும், இதன் இசையையும் கதையையும் நோக்குங்கள்" என்று வாதிடுவர். முன்னவர் ஆடிப்பாராது பழிக்கின்றனர்; பின்னவர் ஆடியும், புகழத்தக்கது எதுவென அறியாது புகழ்கின்றனர். இவ்விளையாட்டுக்கெனச் சொந்தமான கலை ஒன்று உளதாயின், அஃது எங்கே உறைகின்றது? இரு சாராரும் தொடாது விட்ட இவ்வினாவினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் முதற் படிகளும்

1958ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், நியூயோர்க் மாநிலத்திலுள்ள புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தினைக் காணவரும் பொதுமக்களை மகிழ்விக்கும் பொருட்டு, வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிகவியலாளர் ஓர் அலைவுகாட்டியின் சிறு திரையிலே ரெனிஸ் ஆட்டத்தினை இயங்கச் செய்தார். ஓர் ஒளிப்புள்ளி வலையைத் தாண்டி அங்குமிங்கும் பாய்ந்தது. மக்கள் வரிசையில் நின்று அதனை ஆடிச் சென்றனர். 1962இல் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே ஸ்ரீவ் ரசல் என்பாரும் அவர்தம் தோழரும், இரண்டு விண்கலங்கள் ஒன்றோடொன்று பொரும் 'ஸ்பேஸ்வோர்' என்னும் ஆட்டத்தைக் கணினியில் அமைத்தனர். 1972இல் 'பொங்' என்னும் ஆட்டம் நாணயமிட்டு ஆடும் பெட்டியாக வெளிவந்து, ஆய்வுகூடத்தில் இருந்த விளையாட்டினைக் கடைத்தெருவுக்குக் கொண்டு வந்தது.

இதன்பின் எழுந்தனவற்றுள் மூன்றினை மாத்திரம் ஈண்டு எடுத்துக் காட்டுவாம். மூன்றும் காட்சிச் சிறப்போ கதைச் சிறப்போ இல்லாதன. ஆதலின், ஆட்டத்துக்கு உரியது எது என்பதனை அவை தெளிவாகக் காட்டும்.

முதலாவது, 1978இல் யப்பானியரான தொமொஹிறோ நிஷிகாடோ அமைத்த 'ஸ்பேஸ் இன்வேடேர்ஸ்'. வேற்றுலகப் பகைவர் அணியணியாக மேலிருந்து இறங்கி வருவர். ஆடுவோன் கீழே நின்று அவர்களைச் சுட்டு வீழ்த்தல் வேண்டும். பகைவர் குறையக் குறைய எஞ்சினோர் விரைந்து வருவர். இவ்விரைவு முதலிலே திட்டமிடப்பட்டதன்று. திரையில் வரையவேண்டிய உருவங்கள் குறைந்தபோது அக்காலத்துக் கணினி தானாகவே விரைந்தியங்கிற்று. அமைத்தவரும் அதனை நீக்காது விட்டார். வெற்றி நெருங்குந்தோறும் அச்சம் வளரும் என்னும் உணர்ச்சி இதனாற் பிறந்தது. அதனை ஊட்டியது படமன்று, ஆட்டத்தின் இயங்குமுறையே.

இரண்டாவது, 1980இல் தோறு இவாதானி அமைத்த 'பக்மன்'. இதில் நான்கு பேய்கள் ஆடுவோனைத் துரத்தும். நிறம் ஒழிந்தால் நான்கின் உருவமும் ஒன்றே, குணமோ வெவ்வேறு. சிவந்த பேய் நேரே பின்தொடரும். இளஞ்சிவப்புப் பேய் நாம் செல்லும் திசையை நோக்கி முன்னே சென்று மறிக்க முயலும். செம்மஞ்சட் பேய் தொலைவில் இருக்கையில் நெருங்கி வரும். அருகே வந்ததும் விலகிப் போகும். ஒரு சொல்லேனும் பேசாத இவ்வுருவங்கள், தம்மை இயக்கும் விதி ஒன்றினாலேயே தனித்தனிப் பாத்திரங்களாகி விடுகின்றன. நாடகாசிரியன் உரையாடலாற் செய்யும் பாத்திர வார்ப்பினை இவ்வாட்டம் விதியாற் செய்துள்ளது.

மூன்றாவது, 1984இல் மொஸ்கோவிலே சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்திற் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் அமைத்த 'டெட்ரிஸ்'. நான்கு சதுரங்களால் ஆன ஏழு வடிவங்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து விழும். ஆடுவோன் அவற்றைத் திருப்பி இடைவெளியின்றி அடுக்குதல் வேண்டும். நிரம்பிய வரிசை மறைந்துவிடும். நிரம்பாத வரிசை எஞ்சி நிற்கும். சரியாகச் செய்தவை கண்ணினின்றும் மறைய, பிழையாகச் செய்தவை மாத்திரம் குவிந்து தலைக்குமேல் எழும். வாழ்க்கையில் நாம் பலகாற் கண்ட ஒன்றினை, கதையும் இல்லாது மாந்தரும் இல்லாது, ஏழு வடிவங்களைக் கொண்டே இவ்வாட்டம் உணர்த்துகின்றது.

ஒரு விமரிசகர் எழுப்பிய வழக்கு

இவ்விளையாட்டுக்களின் கலைத்தகுதி பற்றிய வாதம் உலகறிய எழுந்தமைக்கு, அமெரிக்கத் திரைப்பட விமரிசகரான றொஜர் ஈபேர்ட் முக்கிய காரணராவர். 1975இல் விமரிசனத்துக்கான புலிற்சர் பரிசினைப் பெற்ற இவர், நன்கு கற்றவர், நயமாக எழுதுபவர். 2005ஆம் ஆண்டில் இவர், திரைப்படத்துக்கும் இலக்கியத்துக்கும் உள்ள உயர்ச்சி வீடியோ விளையாட்டுக்கு இல்லையென்று எழுதினார். 2010 ஏப்பிரலில், வீடியோ விளையாட்டு ஒருபோதும் கலையாகாது என்று மேலும் வன்மையாக எழுதினார். பல்லாயிரவர் மறுத்தெழுதினர். அவ்வாண்டு யூலையில் அவர், தாம் ஆடிப்பாராத ஒன்றனைப் பற்றிக் கருத்துரைத்தமை தகாது என ஒப்புக்கொண்டார். தம் கொள்கையை மாத்திரம் கைவிட்டாரல்லர். 2013இல் அவர் காலமானார்.

அவர் கூறிய காரணங்கள் எள்ளி நகையாடத்தக்கன அல்ல. அவற்றுட் பிரதானமானவை இரண்டு. ஒன்று: விளையாட்டிலே விதிகள், புள்ளிகள், இலக்குகள் உண்டு, அதனை வெல்லலாம். கலையை எவரும் வெல்லுதல் இல்லை, நுகர்தலே உண்டு. மற்றொன்று: உயர்ந்த கலையிலே ஆசிரியன் தான் கருதிய வழியில் நம்மை அழைத்துச் செல்கின்றான், விளையாட்டிலோ ஆடுவோன் தன் விருப்பப்படி தெரிவுகளைச் செய்கின்றான், ஆகவே அங்கு ஆசிரியனுடைய ஆட்சி குலைகின்றது. இவ்விரண்டிற்கும் விடையிறுத்தாலன்றி விளையாட்டினைக் கலையென நாட்டுதல் இயலாது.

ஈபேர்ட்டின் வாதத்துக்குப் பின்னர் சில அமைப்புக்கள் இவ்விளையாட்டினை மதித்துப் போற்றியமை உண்மையே. 2011இல் அமெரிக்க அதியுயர் நீதிமன்றம், நூலும் நாடகமும் திரைப்படமும் போன்று வீடியோ விளையாட்டும் கருத்துக்களைப் புலப்படுத்துவதாகலின் பேச்சுச் சுதந்திரத்தின் காப்பு அதற்கும் உண்டெனத் தீர்ப்பளித்தது. 2012இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை நூதனசாலை, 80 விளையாட்டுக்களைக் கொண்டு ஒரு கண்காட்சி நடத்திற்று. அவ்வாண்டிலேயே நியூயோர்க் நவீன கலை நூதனசாலை 'பக்மன்', 'டெட்ரிஸ்' உட்பட 14 விளையாட்டுக்களைத் தன் நிரந்தரச் சேகரிப்பிற் சேர்த்துக் கொண்டது. எனினும், நூதனசாலையின் வாயிலைத் தாண்டியதனால் ஒரு பொருள் கலையாகிவிடாது. வழக்கினைப் பொருளின் இயல்பு கொண்டே தீர்த்தல் வேண்டும்.

கடனழகும் சொந்த அழகும்

நாடகத்தினுள் ஓவியம் உண்டு, இசை உண்டு, கவிதையும் உண்டு. ஆயினும், திரைச்சீலை அழகாயிருப்பதனால் நாடகம் நன்றென்று கூறுவாரில்லை. நடிப்பும் நிகழ்ச்சிப் பிணிப்பும் நன்றாயின், திரைச்சீலை இல்லாத வட்டக்களரியிலும் கூத்து நம்மை உருக்கும். அவ்வாறே வீடியோ விளையாட்டின் காட்சி ஓவியத்தினிடம் வாங்கிய கடன். அதன் பின்னணி இசை இசைக்கலையிடம் வாங்கிய கடன். அதன் கதை காவியத்தினிடமும் சினிமாவினிடமும் வாங்கிய கடன். இக்கடன்களைக் காட்டி அதனை உயர்த்துவது, இரவல் நகை அணிந்தாளைச் செல்வமகள் என்று புகழ்வது போலாம்.

கடனெல்லாம் கழித்தபின் எஞ்சி நிற்பவை இரண்டு: விதியும் செய்கையும். விதியை அமைப்பவன் ஆசிரியன். செய்கையைச் செய்பவன் ஆடுவோன். இவ்விரண்டும் சந்திக்குமிடத்திலே பொருள் பிறக்குமாயின், அதுவே இக்கலைக்குச் சொந்தமான பொருள். ஓவியம் காணச் செய்கின்றது. இசை கேட்கச் செய்கின்றது. காவியம் எண்ணச் செய்கின்றது. விளையாட்டோ நம்மைச் செய்யச் செய்கின்றது. செய்வித்து உணர்த்துவதே இதன் தனித்தன்மை என்பது எமது துணிபு.

பயிற்றப்பட்ட ஆசிரியராகிய எமக்கு இதிலே வியப்பளித்த ஒன்றனை ஈண்டுக் குறித்தல் பொருந்தும். 1985இல் ஷிகேறு மியாமோதோவும் அவர்தம் குழுவினரும் நின்டென்டோ நிறுவனத்திலே அமைத்த 'சூப்பர் மாரியோ பிறதேர்ஸ்' ஆட்டத்தின் முதற் களத்தை நோக்குக. நாயகன் திரையின் இடப்புறத்தே நிற்பான். வலப்புறம் வெறுமையாய் இருக்கும். ஆகவே எவரும் சொல்லாமலே வலப்புறம் நடக்கின்றோம். சிறிது தூரத்திலே காளான் போன்ற ஒரு பகை எதிரே வரும். தாண்டினாற் பிழைப்போம், தாண்டாவிடிற் தோற்று மீண்டும் தொடங்குவோம், இழப்பது சில விநாடிகளே. தாண்ட முயல்கையிலே மேலேயுள்ள பெட்டியில் தலை முட்டும். அதனுட் பொருள் இருப்பது அப்போது தெரியவரும். ஒரு நிமிடத்தினுள், ஒரு வரி விளக்கமும் வாசியாது, ஆட்டத்தின் அடிப்படைகளைக் கற்றுவிடுகின்றோம். செய்து கற்றலைப் பற்றி ஆசிரிய கலாசாலையிலே யாம் படித்த பாடமெல்லாம் இவ்வொரு திரையில் அடங்கியிருத்தலைக் காண்கின்றோம். சொல்லாது கற்பித்தலும் ஓர் அரிய கலையன்றோ?

வெற்றி என்னும் தடை

இனி ஈபேர்ட்டின் முதற் காரணத்தைப் பார்ப்பாம். வெல்லக்கூடியது கலையாகாது என்றார் அவர். வெற்றியையே பொருளாக எடுத்துக்கொண்டு அதனைக் கேள்விக்குள்ளாக்கிய ஆட்டங்கள் அவர் எழுதுமுன்னரே தோன்றியிருந்தன.

2005இல் யப்பானியரான பூமித்தோ உவேதாவின் இயக்கத்தில் வெளிவந்த 'ஷடோ ஒவ் த கொலோசஸ்' அத்தகையது. இறந்த ஒரு பெண்ணை உயிர்ப்பிக்கும் பொருட்டு ஓர் இளைஞன் தடைசெய்யப்பட்ட நிலத்துக்கு வருகின்றான். அங்குள்ள 16 பேருருவங்களைக் கொன்றால் அவன் விருப்பம் ஈடேறலாம் என ஒரு குரல் கூறுகின்றது. அவற்றுட் பல, நாம் தாக்கும்வரை நம்மைப் பொருட்படுத்தாது தம் வழியே செல்பவை. அரிதின் முயன்று ஒன்றை வீழ்த்தியதும் முரசு முழங்குவதில்லை; துயர இசையே ஒலிக்கின்றது. ஒவ்வொரு கொலையின் பின்னரும் கரிய நிழலொன்று இளைஞனைத் துளைக்கின்றது. அவன் உருவமும் வரவரச் சிதைகின்றது. 'இது தகுமா?' என்னும் வினா எழுந்த பின்னரும் நாம் அடுத்ததைத் தேடிச் செல்கின்றோம். ஏனெனில் ஆட்டம் முன்செல்ல வேறு வழியில்லை. வெற்றி வரவரக் கசக்கின்றது. ஒரு காவியத்திலே நாயகன் தவறு செய்யக் கண்டால் நாம் அவனுக்கு இரங்குவோம். இங்கோ, பொத்தானை அழுத்திய விரல் நம்முடையது. இரக்கத்தோடு பழியும் நம்மைச் சார்கின்றது. பிற கலைகள் எளிதில் எழுப்பவியலாத உணர்ச்சி இது.

2007இல் ஜேசன் றோரர் என்பார் தனியொருவராக ஆக்கிய 'பசேஜ்' ஐந்து நிமிட ஆட்டம். மிக ஒடுங்கிய திரையிலே சிறு புள்ளிகளாலான ஓர் உருவம் இடமிருந்து வலமாக நடக்கும். தொடக்கத்தில் ஒரு பெண் எதிர்ப்படுவாள். அவளைச் சேர்ந்தால் இருவரும் இணைந்து நடப்பர். ஆனால் இருவராய்ச் செல்வோர் ஒடுங்கிய வழிகளுட் புகமுடியாது. அங்குள்ள செல்வப் பெட்டிகள் கைக்கெட்டாது போகும். நடக்க நடக்க முடி நரைக்கும்; முதுகு கூனும்; துணைவி மறைவாள்; அதன்பின் நடை தளரும்; இறுதியில் ஒரு கல்லறை. புள்ளிகள் உண்டு, ஆயினும் எத்துணைப் புள்ளி சேர்த்தோனுக்கும் முடிவு ஒன்றே. நிலையாமையை நம் புலவர் பலபடப் பாடியுள்ளனர். இவ்வாட்டமோ அதனை நம்மைக்கொண்டே ஐந்து நிமிடத்தில் நடத்துவிக்கின்றது. நியூயோர்க் நவீன கலை நூதனசாலை ஏற்ற பதினான்கனுள் இதுவும் ஒன்று.

தெரிவு என்னும் தடை

இரண்டாவது காரணம், ஆடுவோன் தெரிவு செய்வதனால் ஆசிரியனது ஆட்சி குலைகின்றது என்பது. நம் இசைமரபை அறிந்தோர்க்கு இதற்கு விடை எளிதிற் புலனாகும். ஓர் இராகத்தின் ஆரோகண அவரோகணமும் சஞ்சாரமும் முன்னரே வகுக்கப்பட்டவை. அவ்வெல்லையுள் நின்று பாடகன் தன் கற்பனைப்படி ஆலாபனை செய்கின்றான். அவனுக்குச் சுதந்திரம் உண்டு என்பதனால் இராகத்தின் உருவம் அழிந்துவிடுகின்றதா? அதன் ஆழமெல்லாம் அச்சுதந்திரத்திலேதான் வெளிப்படுகின்றது. விளையாட்டின் ஆசிரியனும் அத்தகையனே. எத்தெரிவுகள் உண்டு, எவை இல்லை, ஒவ்வொன்றுக்கும் விலை என்ன என்பனவற்றை அவனே வகுக்கின்றான். அவன் ஆட்சி வாக்கியத்தை விட்டு விதிக்கு மாறியுள்ளது.

2013இல் லூக்கஸ் போப் என்பார் ஆக்கிய 'பேப்பர்ஸ் பிளீஸ்' இதனை நன்கு விளக்கும். ஆர்ஸ்டொட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியிலே நாம் குடிவரவு உத்தியோகத்தர். வரிசையில் வருவோரின் கடவுச்சீட்டையும் அனுமதிப் பத்திரத்தையும் ஒப்புநோக்கி, அனுமதி அல்லது மறுப்பு என்று முத்திரை குத்துவதே வேலை. சம்பளம் தலைக்கணக்கில், பிழை விட்டாற் குற்றத்தாள் வரும், மேலும் பிழைத்தாற் சம்பளம் குறையும், வீட்டிலோ உணவுக்கும் கணப்புக்கும் மருந்துக்கும் பணம் வேண்டும். ஒரு நாள் கணவன் ஒருவன் சரியான பத்திரங்களோடு வருகின்றான். பின்னே வரும் தன் மனைவிக்கு இரங்குமாறு வேண்டிச் செல்கின்றான். மனைவியிடம் ஒரு பத்திரம் குறைகின்றது. என்ன செய்வோம்? எதைச் செய்யினும் அது நம் செய்கை. கொடிய ஆட்சிகள் கொடியவர்களால் மாத்திரம் நடைபெறுவதில்லை. பிள்ளை குட்டிகளுக்காக முத்திரை குத்தும் சாதாரண மனிதராலும் நடைபெறுகின்றன என்பதனை, ஒரு சொற்பொழிவுமின்றி இவ்வாட்டம் நம் கையினாலேயே நமக்குக் கற்பிக்கின்றது. இங்கே தெரிவு கலைக்குத் தடையன்று. தெரிவே கலையின் பொருள்.

கையினாற் கற்பித்தல் என்றேம். அதனை முழுமையாகக் காட்டுவது, அவ்வாண்டிலேயே யோசப் பாரெஸ் இயக்கிய 'பிறதேர்ஸ்' என்னும் ஆட்டம். நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிச் செல்லும் அண்ணன் தம்பியர் கதை இது. ஆடுவோனின் இடக்கை அண்ணனை இயக்கும். வலக்கை தம்பியை இயக்கும். தாய் நீரில் மூழ்கி இறந்தமையால் தம்பி நீருக்கு அஞ்சுபவன். ஆற்றைக் கடக்கையில் அண்ணனின் முதுகைப் பற்றியே கடப்பான். கதையின் பிற்பகுதியில் அண்ணன் இறந்துபடுகின்றான். அக்கணம் முதல் ஆடுவோனின் இடக்கை வேலையின்றி வெறுமையாய்க் கிடக்கும். பின்னர், தம்பி தனியனாய் ஆற்றங்கரையில் வந்து நிற்கின்றான். வலக்கையால் எவ்வளவு முயன்றும் அவன் நீரில் இறங்கான். அப்போது ஆடுவோன் அண்ணனுக்குரிய இடக்கைப் பொத்தானை அழுத்துகின்றான், தம்பி நீந்துகின்றான். அண்ணனின் துணிவு தம்பியுள் வாழ்கின்றது என்பது இங்கே சொல்லப்படவில்லை. நம் இடக்கையில் உணரப்படுகின்றது. நூலிலோ மேடையிலோ திரையிலோ இவ்வொரு நிகழ்ச்சியை இவ்வாறு அமைத்தல் இயலாது. ஒரு கலைக்குத் தனக்கெனச் சொந்தமான மொழி உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பள்ளியினுள் வந்த ஆட்டம்

இன்னோர் ஆட்டத்தைக் கூறாது விடுதல் இயலாது. போலந்தின் வார்சோ நகரிலுள்ள '11 பிற்' நிறுவனம் 2014இல் 'திஸ் வோர் ஒவ் மைன்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. போர் விளையாட்டுக்களிற் பெரும்பாலானவை ஆடுவோன் கையிலே துப்பாக்கியைக் கொடுத்துப் படைவீரனாக்கும். இதுவோ, முற்றுகையிடப்பட்ட ஒரு நகரிலே இடிந்த வீடொன்றில் ஒதுங்கிய பொதுமக்களை நம் பொறுப்பில் விடுகின்றது. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையே இதற்குத் தூண்டுதல். பகலில் வெளியே தலைகாட்டல் ஆகாது. இரவில் உணவும் மருந்தும் விறகும் தேடிச் செல்லல் வேண்டும். ஒரு வீட்டிலே முதிய தம்பதியர் இருவர் இருப்பர். அவர்களிடம் உணவு உண்டு; எதிர்க்கும் வலி இல்லை. எடுத்துவந்தால் நம்மவர் உண்பர். ஆனால் எடுத்துவந்தவன் உளமுடைந்து சோர்ந்து கிடப்பான். தாங்கள் பிழைத்தமைக்கு எவர் விலை கொடுத்தார் என்பதனை ஆட்டம் மறக்கவிடாது.

2020இல் போலந்து அரசாங்கம் இவ்வாட்டத்தினை உயர்வகுப்பு மாணவர்க்குரிய துணைப்பாட வரிசையிற் சேர்ப்பதாக அறிவித்தது. நாவலும் நாடகமும் இருந்த வரிசையில் ஓர் ஆட்டமும் இடம்பெற்றது. போரினை வீரனின் துப்பாக்கி வழியாகவன்றிப் பதுங்குகுழியினுள்ளிருந்து கண்ட நம்மவர்க்கு இவ்வாட்டத்தின் பொருளை விரித்துரைக்க வேண்டா. அக்காலத்தின் பின் பிறந்து இன்று நம் வகுப்புக்களில் இருக்கும் பிள்ளைகளோ, போரென்றால் சுட்டுப் புள்ளி சேர்ப்பது என்று மற்றை ஆட்டங்களிலே பழகி வருகின்றனர். இரண்டும் வீடியோ விளையாட்டே. இரண்டுக்குமுள்ள வேற்றுமையை அவர்களுக்கு எடுத்துரைப்பார் யார்?

ஆற்றலின் மறுபுறம்

செய்வித்து உணர்த்தும் ஆற்றல் பெரிது என்றால், அது தீமைக்கும் அவ்வளவு பயன்படும் என்பது வெளிப்படை. பணம் செலுத்தித் திறக்கும் பரிசுப் பெட்டிகளைப் பல ஆட்டங்கள் வைத்துள்ளன. உள்ளே என்ன உண்டென்பது திறக்கும்வரை தெரியாது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று மனம் அவாவும். 2018இல் பெல்ஜிய அரசு இதனைச் சூதென்றே முடிவு செய்து தடுத்தது. உலக சுகாதார நிறுவனம், விளையாட்டினின்றும் மீளமாட்டாது வாழ்வு சீர்குலையும் நிலையை 2019இல் நோய்ப் பட்டியலில் ஏற்றது. அப்பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. 'பேப்பர்ஸ் பிளீஸ்' நம் கையைக்கொண்டு நம் மனச்சான்றை எழுப்புகின்றது. பரிசுப் பெட்டியோ அதே கையைக்கொண்டு நம் பேராசையை எழுப்புகின்றது. கருவி ஒன்றே, கருத்து வேறு.

வேறொரு குறையும் உண்டு. நாயகன் நல்லவன், மனைவி மக்கள்பால் அன்புடையவன் என்று கதை கூறும். விதியோ அவனைக்கொண்டு நூற்றுக்கணக்கானோரைக் கொல்விக்கும். கொன்றவனுக்குப் பரிசும் கொடுக்கும். சொல்லும் செய்கையும் முரணுமிடத்தில் ஆடுவோன் நம்புவது செய்கையையே. திரையின் காட்சி எத்துணை அழகாயினும் இத்தகைய ஆட்டம் நல்ல கலையாகாது.

வேண்டுவது திறனாய்வு

ஆகவே வீடியோ விளையாட்டு கலையா என்னும் வினாவுக்கு எமது விடை இது: அது கலையாதற்குரிய சொந்த மொழி உடையது, அம்மொழியிலே சிலர் நல்ல ஆக்கங்களைத் தந்துள்ளனர், பலர் வெறும் வணிகம் செய்கின்றனர். நூலுலகின் நிலையும் இதுவேயன்றோ? அச்சிட்டதெல்லாம் இலக்கியமாகவில்லை, அதனால் இலக்கியம் இல்லையென்றும் ஆகவில்லை.

ஓர் ஆட்டத்தை மதிப்பிட மூன்று வினாக்கள் போதும். இவ்வாட்டம் என்னை என்ன செய்வித்தது? அச்செய்கையால் யான் முன்னறியாத எதனை அறிந்தேன்? காட்சியையும் இசையையும் கழித்தபின் எஞ்சியது என்ன? எம் உயர்வகுப்பு மாணவரிடம் இவ்வினாக்களைக் கொடுத்து, தாம் ஆடிய ஆட்டமொன்றைப் பற்றிக் கட்டுரை எழுதப் பணித்தோம். நாவல் நயம் எழுதச் சொன்னால் வழிகாட்டி நூலைப் பார்த்தெழுதும் பிள்ளைகள், இதற்குத் தம் சொந்த வாக்கியங்களையே எழுதினர். எல்லைச் சாவடி ஆட்டத்தைப் பற்றி எழுதிய ஒரு மாணவன், அன்று தான் பெற்ற சம்பளத்தை எண்ணித் தனக்கு வெட்கமாயிருந்தது என்று முடித்திருந்தான். பார்த்தெழுத அவனுக்கு வழிகாட்டி நூல் இல்லை. ஓர் ஆக்கம் தன்னை என்ன செய்தது என்று தானே நோக்கி எழுதுவதே திறனாய்வின் முதற்படியாகும்.

நம் பிள்ளைகள் இக்கலையினுள்ளே வளர்கின்றனர். பாட்டுக்கு நயம் சொல்லக் கற்பிக்கின்றோம். நாடகத்துக்கும் நாவலுக்கும் கற்பிக்கின்றோம். நாள்தோறும் அவர்கள் புழங்கும் இவ்வொன்றுக்கு மாத்திரம் தமிழிலே நயமும் குற்றமும் சொல்லும் சொற்களை நாம் அவர்களுக்கு ஆக்கித் தரவில்லை. தடுத்தல் எளிது, தடுத்தவர் கண்மறைந்ததும் ஆட்டம் தொடரும். மதிப்பிடக் கற்றவனோ, எவர் பார்க்கினும் பாராவிடினும், பரிசுப் பெட்டியை மூடி வைப்பான். நல்ல ஆட்டத்தை நாடிச் செல்வான். கல்லூரி வாசிகசாலையின் ஒரு மூலையிலே நல்ல ஆட்டங்கள் சிலவற்றை வைத்து, ஆடியபின் மன்றத்தில் அமர்ந்து தமிழில் விவாதிக்க மாணவர்க்கு வழிசெய்தல் பழைய மாணவர் சங்கத்துக்கு அரிய செயலன்று. கணினித் துறையிற் புகழீட்டிய நம் பழைய மாணவர் உலகெங்கும் உளர். அவர்களுள் ஒருவரேனும் நம் வாழ்வினின்றும் பிறந்த ஓர் ஆட்டத்தினை ஆக்கித் தருவாராயின், அதனை நயமறிந்து ஆடவும் குற்றமறிந்து கூறவும் வல்ல ஒரு மாணவர் கூட்டம் இக்கல்லூரியிலே ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.